தலைமை வேண்டாம், துணை நிற்கும் வேலை போதும் என்பவர்களுக்கு எந்த வழி சரி?

"நாலு பேரை வேலை வாங்குறது எனக்கு வராது. ஒருத்தர் கூட நின்னு, அவர் வேலை சரியா நடக்கப் பார்த்துக்கோன்னு சொன்னா நல்லா செய்வேன்." இப்படிச் சொல்கிற இளைஞர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இதைக் கூச்சம் என்கிறார்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். கல்லூரியில் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். இந்தக் குணத்துக்கு எந்த வேலை பொருந்தும் என்று கூட உட்கார்ந்து யோசிப்பவர்கள்தான் குறைவு.

அந்த யோசனைக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, இங்கே கிடைக்கிற படிப்பையும் தேர்வையும் வைத்துப் போகக்கூடிய சில வழிகளை எடுத்துக்கொள்வோம். அரசு அலுவலக இளநிலை உதவியாளர், சுருக்கெழுத்துத் தட்டச்சர், ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் நர்ஸும் டெக்னீஷியனும், ஆடிட்டர் ஆபீஸ், வக்கீல் ஆபீஸ், ஐடி. இவை எல்லாமே பார்வைக்குத் துணை வேலைகள். உள்ளே போனால் ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம்.

சம்பளம், பணிப் பாதுகாப்பு இரண்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். நான் அவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறேன். பத்தாவது வருடத்தில் இந்த வேலை உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? தப்பு நடக்கும்போது "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல உங்களுக்கு இடம் உண்டா? முதல் கேள்வி ஏன் என்றால், பல வேலைகளில் உதவியாளராகச் சேர்வது சுலபம், உதவியாளராகவே இருப்பதுதான் கஷ்டம். நன்றாக வேலை செய்தால் அதற்குப் பரிசாகவே தலைமைப் பதவியைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது கேள்வி ஏன் என்றால், வாயே திறக்க முடியாத உதவியாளர் வேலை கொஞ்ச காலத்தில் மனதைக் கசக்கிவிடும். அப்புறம் அந்த வேலையை விட்டு ஓடத்தான் தோன்றும்.

முதலில் உங்களை நீங்களே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தலைமை வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக அப்படிச் சொல்வதில்லை. சிலருக்குக் கூட்டத்தின் முன்னால் நிற்பதுதான் பிரச்சினை. முடிவெடுக்கத் தயங்க மாட்டார்கள். சிலருக்கு அடுத்தவரைக் கண்டித்து வேலை வாங்குவது ஆகாது. தன் வேலையை எவ்வளவு பேர் முன்னாலும் செய்வார்கள். சிலருக்குக் கடைசிப் பொறுப்பு, அதாவது தப்பானால் தலை உருளும் இடம் வேண்டாம். இன்னும் சிலருக்கு மனிதர்களே வேண்டாம், தனியாக விட்டால் போதும். இந்தக் கடைசி வகையினர் துணை வேலைக்குப் போனால் திண்டாடுவார்கள். துணை வேலை என்பதே இன்னொரு மனிதரோடு நாள் முழுக்க ஒட்டி இருப்பதுதான். அவர்களுக்கான வழியைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

குரூப் 4: ஒரே தேர்வு, மூன்று விதமான வாழ்க்கை

துணை வேலை என்றதும் தமிழ்நாட்டில் பெற்றோருக்கு முதலில் தோன்றுவது டிஎன்பிஎஸ்சி குரூப் 4. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண், நேர்முகத் தேர்வு கிடையாது. முன்னால் நின்று பேசத் தயங்குகிறவர்களுக்கு நேர்முகத் தேர்வு இல்லை என்பதே பெரிய நிம்மதி. போட்டி மட்டும் கடுமை. 2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள்.

ஒரே தேர்வு எழுதித்தான் கிராம நிர்வாக அலுவலராகவும் போகிறார்கள், இளநிலை உதவியாளராகவும் போகிறார்கள். சம்பள நிலை இரண்டுக்கும் ஒன்றுதான், 19,500 ரூபாய் அடிப்படையில் தொடங்கி 71,900 வரை. அதனால் இடம் ஒதுக்கும் கலந்தாய்வில் எது கிடைத்தாலும் சரி என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். துணை வேலை வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தில் நன்றாக யோசிக்க வேண்டும். விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர், துணை ஆள் இல்லை. ஒரு கிராமத்தில் அரசாங்கத்தின் முகமே அவர்தான். குளத்தில் யாராவது மூழ்கினாலும், வரப்புத் தகராறு வந்தாலும், ராத்திரி மணல் வண்டி போனாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். அங்கே பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள மேலதிகாரி இருக்க மாட்டார். பதவியின் பெயர் சின்னதாகத் தெரியலாம், நிற்பது என்னவோ தனியாக, முன்வரிசையில்.

இளநிலை உதவியாளரின் நாள் வேறு மாதிரி. காலையில் தபால் வரும். தன் சீட்டுக்கு வந்ததைத் தன்பதிவேட்டில் ஏற்றி, பழைய கோப்பைத் தேடி எடுத்துச் சேர்த்து, விஷயம் என்ன, விதி என்ன சொல்கிறது, இதற்கு முன் இப்படி ஒன்று வந்தபோது என்ன செய்தார்கள் என்று குறிப்பு எழுதி மேலே வைக்க வேண்டும். கண்காணிப்பாளர் பார்ப்பார், அதற்கு மேலே உள்ளவர் பார்ப்பார், கடைசியில் அதிகாரி கையெழுத்துப் போடுவார். முடிவு அதிகாரியுடையது. ஆனால் அந்த முடிவுக்குத் தேவையான அரசாணையைத் தேடி எடுத்து, சரியான பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்து அனுப்புகிறவர் கீழே இருக்கிறார். நல்ல குறிப்பு எழுதத் தெரிந்த ஒரு உதவியாளர் இருந்தால் அந்தப் பிரிவே நிம்மதியாக இருக்கும். "விதிப்படி இது முடியாது" என்பதையும் அந்தக் குறிப்பிலேயே எழுதி வைக்கலாம். குரலை உயர்த்தாமல் தப்பைத் தடுக்க இதைவிட நல்ல வழி அபூர்வம்.

பத்தாவது வருடம்? இங்கேதான் சிக்கல். இளநிலை உதவியாளர், உதவியாளர், கண்காணிப்பாளர் என்று ஏணி மேலேயே போகும். வருவாய்த் துறையில் சேர்ந்தால் வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று போகும். ஆக்கிரமிப்பு அகற்றப் போகிற அன்று ஜேசிபிக்குப் பக்கத்தில் நின்று ஊர் ஜனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வட்டாட்சியர். கோப்பு எழுதப் பிடித்துச் சேர்ந்த ஒருவர் கடைசியில் அந்த இடத்தில் போய் நிற்கிறார். பதவி உயர்வைத் துறக்க விதியில் வழி இருக்கிறது. ஆனால் வீடும் சக ஊழியர்களும் அதைச் சுலபமாக ஏற்க மாட்டார்கள், சம்பளமும் பாதிக்கும். ஆகவே கலந்தாய்வில் துறையைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசியுங்கள். பள்ளிக் கல்வி அலுவலகங்கள், கருவூலம் மாதிரியான இடங்களில் மேலே போனாலும் வேலை பெரும்பாலும் கோப்போடும் கணக்கோடும்தான் இருக்கும். மாவட்டத் தலைநகரம் கிடைக்கிறதே என்பதற்காக மட்டும் வருவாய்த் துறையை எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, சுருக்கெழுத்துத் தட்டச்சர். எனக்கு இதில் தனி மரியாதை உண்டு. இது முழுக்க முழுக்க ஒருவரின் வலது கையாக இருக்கும் வேலை. தொடக்கமே 20,600 ரூபாய், இளநிலை உதவியாளரைவிடக் கொஞ்சம் அதிகம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் தேர்வுகளில் தேர்ச்சி பெற்றவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும் என்பதால், பொதுப் போட்டியோடு ஒப்பிட்டால் கூட்டம் மிகக் குறைவு. டைப்பிங்கில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. சுருக்கெழுத்தில் இளநிலைக்கு 80, முதுநிலைக்கு 120. அந்த 120 ஆறு மாதத்தில் வராது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப எழுதி, கை தானாக ஓடும் வரை உட்கார வேண்டும். தனியாகப் பொறுமையாகப் பழகுகிறவர்களுக்கு இந்தப் படிப்பு ஒத்துப்போகும்.

இதே திறமையை வைத்து மத்திய அரசு வேலைக்கும் போகலாம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தும் ஸ்டெனோகிராஃபர் தேர்வில் சி கிரேடுக்கு நிமிடத்துக்கு 100 சொல், டி கிரேடுக்கு 80 சொல் வேகத்தில் பத்து நிமிடம் டிக்டேஷன். அது ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கும். ஆகவே தமிழோடு ஆங்கிலச் சுருக்கெழுத்தையும் சேர்த்து முடிப்பவருக்குக் கதவு இரண்டு மடங்கு. நீதிமன்றங்களிலும் இவர்களுக்குத் தேவை உண்டு.

கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இனி ஷார்ட்ஹேண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே அரசியல் சாசன அமர்வின் வாதங்களைச் செயற்கை நுண்ணறிவு வைத்து எழுத்தாக்கத் தொடங்கியது. சொல்வதைக் கேட்டு எழுதுவது மட்டும் உங்கள் வேலை என்று இருந்தால் அந்த இடம் சுருங்கும். அதிகாரி அரைகுறையாகச் சொன்னதை முழுக் கடிதமாக்குவது, கூட்டத்துக்கு முன் எந்தக் கோப்பு வேண்டும் என்று கேட்காமலேயே எடுத்து வைப்பது, யாரை உள்ளே விடலாம், யாரை நாளை வரச் சொல்லலாம் என்று தெரிந்திருப்பது, இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த நாற்காலி. பத்து வருடம் கழித்தும் இந்த வரிசையில் ஒருவரின் உதவியாளராகவே இருப்பீர்கள் என்பது இதன் சிறப்பு. நேர்முக உதவியாளர் என்ற பெயரைப் பார்த்துக் குழம்பிவிட வேண்டாம். மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளர் என்பவர் துணை ஆட்சியர் நிலை அதிகாரி. அவருக்குக் கீழே ஒரு அலுவலகமே இயங்கும். அது வேறு பாதை.

தியேட்டருக்குள்

எனக்குப் பிடித்த வழி எது என்று கேட்டால் ஆபரேஷன் தியேட்டரைத்தான் சொல்வேன். துணை வேலைக்கு இவ்வளவு கனம் தரும் இடம் வேறு ஏது?

மயக்க மருந்து டாக்டருக்குத் துணை நிற்கும் அனஸ்தீசியா டெக்னீஷியன், காலை முதல் கேஸுக்கு முன் செய்வதைப் பாருங்கள். மெஷினில் ஆக்சிஜன் அழுத்தம் சரியா, கூடுதல் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, சர்க்யூட்டில் எங்காவது காற்றுக் கசிகிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். மூச்சுக்குழாய்க்குப் போடும் டியூபில் தேவைப்படும் அளவையும், அதற்கு ஒரு அளவு சின்னதையும் சேர்த்தே எடுத்து வைக்கிறார். மருந்தை ஏற்றிய ஒவ்வொரு சிரிஞ்சிலும் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். மயக்க மருந்து டாக்டர் நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். அந்தக் கையில் சரியான டியூப் சரியான பக்கம் திரும்பி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பேச்சுக்கு இடமில்லை.

அடுத்தது, சர்ஜன் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ். ஆபரேஷன் தொடங்கும் முன் மாப், காஸ் என்கிற ரத்தம் ஒற்றும் துணிகள், ஊசி, கருவி எல்லாவற்றையும், வெளியிலிருந்து பொருள் எடுத்துத் தரும் சர்க்குலேட்டிங் நர்ஸோடு சேர்ந்து வாய்விட்டு எண்ணுவார். எண்ணிக்கை பலகையில் ஏறும். வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ணுவார், தோலைத் தைக்கும் முன் இன்னொரு முறை. ஒரு மாப் குறைந்தால் "கவுண்ட் டேலி ஆகலை சார்" என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னால் எவ்வளவு பெரிய சர்ஜனும் தையலை நிறுத்திவிட்டுத் தேடியாக வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அங்கேயே எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்காகவே அந்தத் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை வைத்துத் தயாரிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும் நோயாளி வெளியே போகும் முன் இந்த எண்ணிக்கையை நர்ஸ் வாயால் உறுதிசெய்வது ஒரு அம்சம்.

நான் கேட்கச் சொன்ன இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. தலைமை சர்ஜனுடையது, நிறுத்தும் உரிமை உதவியாளருடையது. இதற்குத் துணிச்சல் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருக்கும் சீனியர் டாக்டரிடம் "இல்லை சார், ஒன்று குறைகிறது" என்று இரண்டாவது தடவையும் சொல்ல முடியாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

நர்ஸா, டெக்னீஷியனா? பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், ஜிஎன்எம் மூன்று வருடம். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தியேட்டர், அனஸ்தீசியா தொழில்நுட்பப் படிப்பு மூன்று வருடமும் அதோடு ஒரு வருடப் பயிற்சியும். அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இந்தப் படிப்புகள் இருக்கின்றன, கட்டணம் குறைவு. வாய்ப்பு என்று பார்த்தால் நர்சிங் அகலம். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இருக்கிறது. வெளிநாட்டுக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமாகவே போகலாம். ஆனால் நர்ஸின் ஏணி வார்டு பொறுப்பு, கண்காணிப்பாளர் என்று மனிதர்களை மேய்க்கும் பக்கம் திரும்பும். டெக்னீஷியன் அப்படித் திரும்ப வேண்டியதில்லை. சாதாரண கேஸிலிருந்து இதய அறுவைக்கு, அங்கிருந்து உறுப்பு மாற்று அறுவைக்கு என்று வேலை ஆழமாகிக்கொண்டே போகும், நிற்கும் இடம் மாறாது. என் அளவுகோலுக்கு டெக்னீஷியன் பாதைதான் முதலில் வருகிறது.

இதன் குறையும் பெரியதுதான். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் குறைவு, சிறு ஊர்களில் மிகக் குறைவு. நைட் டியூட்டி உண்டு. மணிக்கணக்கில் நிற்க வேண்டும், அழைத்தால் நடுராத்திரியிலும் போக வேண்டும். ஆகவே முதல் இரண்டு மூன்று வருடம் பெரிய ஊரில், நிறைய கேஸ் நடக்கும் மருத்துவமனையில் இருந்து கையைப் பழக்கிக்கொண்டு வருவது நல்லது. சின்ன நர்சிங் ஹோமில் தொடங்கினால் ஒரே வகை ஆபரேஷனோடு தேங்கிவிடும் அபாயம் இருக்கிறது.

ஆபரேஷனைப் பார்க்க ஆகாது என்பவர்களுக்கு லேப் இருக்கிறது. லேப் டெக்னீஷியனுக்கான டிஎம்எல்டி டிப்ளமோ இரண்டு வருடம். நோயாளியோடு பேச்சு குறைவு, டாக்டரின் முடிவுக்கு ஆதாரம் நீங்கள் தரும் ரிப்போர்ட். ஆனால் ரத்தம் எடுப்பதில் தொடங்கித்தான் ஆக வேண்டும்.

ஒரு மனிதரை நம்பி நிற்கும் வேலைகள்

ஆடிட்டர் ஆபீஸ், வக்கீல் ஆபீஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். இரண்டிலும் நிறுவனம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு மனிதர்தான் இருக்கிறார்.

பி.காம். முடித்து, டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்த பிள்ளைக்கு ஆடிட்டர் ஆபீஸ் நல்ல பள்ளிக்கூடம். மாதத்துக்கு ஒரு தாளம் இருக்கும். 7ஆம் தேதி, பிடித்தம் செய்த வரியான டிடிஎஸ் கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள். ஜூலையிலும் செப்டம்பரிலும் வருமான வரி ரிட்டர்ன், ஆடிட் என்று ராத்திரி வரை உட்கார வேண்டியிருக்கும். கையெழுத்தும் பொறுப்பும் ஆடிட்டருடையது. வாடிக்கையாளர் கொண்டுவந்த பில்லில் ஜிஎஸ்டி எண் ஒரு இலக்கம் தப்பியிருப்பதைக் கண்டுபிடிப்பது நீங்கள். ஒழுங்கில் சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஏற்ற வேலை.

வக்கீல் குமாஸ்தா வேலை இன்னும் நெருக்கமானது. எந்த கேஸ் எந்தக் கோர்ட்டில், வாய்தா என்றைக்கு, வக்காலத்து போட்டாச்சா, சம்மன் அனுப்பும் கட்டணமான பேட்டா கட்டியாச்சா, நகல் கேட்டுப் போட்ட காப்பி அப்ளிகேஷன் எங்கே நிற்கிறது, எல்லாம் அவர் தலையில் இருக்கும். ஒரு தரப்பு வராமல் எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பாகிவிட்டால் அதை ரத்து செய்ய மனுப் போட 30 நாள், மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். சீனியர் வாதத்தில் மூழ்கி இருக்கும்போது இந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பவர் குமாஸ்தாதான். ஒரு நாள் தவறினால் கட்சிக்காரரின் வீடோ நிலமோ போகலாம். இ-ஃபைலிங் வந்தபிறகு கம்ப்யூட்டர் தெரிந்த குமாஸ்தாவுக்கு மதிப்பு கூடித்தான் இருக்கிறது.

இரண்டிலும் பத்தாவது வருடம் எப்படி இருக்கும் என்பது அந்த ஒரு மனிதரைப் பொறுத்தது. நல்லவர் கிடைத்தால் குடும்பம் மாதிரி பார்த்துக்கொள்வார். அவருக்கு வயதாகி ஆபீசை மூடினாலோ, வக்கீல் நீதிபதி ஆகிவிட்டாலோ, நீங்கள் ஐம்பது வயதில் புதிதாக ஒருவரைத் தேட வேண்டும். சட்டப் பாதுகாப்பும் மெலிது. வருங்கால வைப்பு நிதி பொதுவாக இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம். இஎஸ்ஐ, கிராஜுவிட்டி இரண்டுக்கும் பத்துப் பேர் வேண்டும். எட்டுப் பேர் இருக்கும் ஆபீசில் இவை எதுவும் கட்டாயம் இல்லை. அதனால் இந்த வழியில் போகிறவர்கள் மருத்துவக் காப்பீட்டையும் சேமிப்பையும் முதல் மாதத்திலிருந்தே சொந்தமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேரும் முன் அந்த ஆபீசில் ஏற்கனவே இருக்கும் பழைய ஆளிடம் பேசிப் பாருங்கள். பழைய ஆளே இல்லை, எல்லோரும் போன வருடம் சேர்ந்தவர்கள் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

ஐடி: பணம் உண்டு, தள்ளுமுள்ளும் உண்டு

ஐடியில் எல்லோரும் கணினி முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அங்கே தலைமைத் தொல்லை இருக்காது என்று நினைக்கிறார்கள். மற்ற நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சர்வீஸ் கம்பெனிகளின் கணக்கு வேறு. கீழே நிறையப் புதியவர்கள், மேலே சிலர் என்ற அமைப்பில்தான் அவர்களுக்கு லாபம். ஏழெட்டு வருட அனுபவச் சம்பளம் வாங்குகிறவர் தன் புரோகிராமை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் பத்தாது, டீம் லீட் ஆகு என்பார்கள். மறுத்தால் அப்ரைசலில் பாதிப்பு வரும். நிறையப் பேர் முப்பது வயதில் இந்தச் சந்தியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் புராடக்ட் கம்பெனிகளில் ஆளை மேய்க்காமலே மேலே போக இரண்டாவது ஏணி இருக்கிறது. ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்பவை அவை. ஆனால் அங்கேயும் நாலு டீமைப் பேசி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் பேசுவதுதான் பிரச்சினை என்பவருக்கு அது சுலபமில்லை. டேட்டாபேஸ் நிர்வாகம், டெஸ்டிங், சர்வர் பராமரிப்பு, டெக்னிக்கல் ரைட்டிங் ஆகியவை துணை குணத்துக்கு நெருக்கமானவை. குறிப்பாக, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். இதை வெளியிட முடியாது, இங்கே உடைகிறது என்று ஆதாரத்தோடு சொல்வதே அவர் வேலை. தியேட்டர் நர்ஸைப் போல நிறுத்தும் இடத்தில் இருப்பவர். ஐடியை எடுப்பவர்கள் முதல் வேலை எங்கே கிடைத்தாலும் சேர்ந்துவிட்டு, ஐந்தாவது வருடத்துக்குள் இந்த மாதிரி ஒரு திறமையில் ஆழமாக இறங்கிவிட வேண்டும். லீட் ஆகு என்று சொல்லும் நாள் வந்தபிறகு யோசித்தால் தாமதம்.

மனிதர்களே வேண்டாம், தனியாக விடுங்கள் என்பவர்களுக்கு, சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து அவற்றுக்குரிய குறியீட்டு எண்களைப் போடும் மெடிக்கல் கோடிங் பொருந்தலாம். சென்னை, கோவை, திருச்சியில் வாய்ப்பு இருக்கிறது. நாள்தோறும் இத்தனை நோயாளிக் குறிப்பு, இத்தனை சதவீதம் துல்லியம் என்று அளப்பார்கள், அவ்வளவுதான் பேச்சு. செயற்கை நுண்ணறிவு வேகமாக உள்ளே வரும் துறை என்பதால் இதை மட்டுமே நம்பி முப்பது வருடத்துக்குத் திட்டம் போடச் சொல்ல மாட்டேன். நூலகர் வேலை மனதுக்கு இதமானது, பட்டத்துக்கு மேல் ஒரு வருடம் படித்தால் போதும். ஆனால் இடங்கள் மிகக் குறைவு, அறிவிப்பு வர வருடக்கணக்கில் ஆகும்.

என் வரிசை

அறிவியல் படித்து, நிற்கத் தெம்பும் நிதானமும் இருக்கிற பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது தியேட்டர், அனஸ்தீசியா தொழில்நுட்பம். மொழி நன்றாக வருகிற, ஒரே மனிதரோடு அமைதியாக வேலை செய்ய ஆசைப்படுகிற பிள்ளைக்குச் சுருக்கெழுத்து. பணிப் பாதுகாப்புதான் முக்கியம், குடும்பச் சுமை இருக்கிறது என்றால் இளநிலை உதவியாளர், துறையைப் பார்த்து. கடனை அடைக்கப் பணம் சீக்கிரம் தேவை என்றால் ஐடியில் டெஸ்டிங். ஆடிட்டர் ஆபீசும் வக்கீல் ஆபீசும் அந்த மனிதரைத் தெரிந்திருந்தால் மட்டும். விஏஓ வேலையை, துணை வேலை என்று நினைத்து எடுக்க வேண்டாம். அது வேண்டும் என்று விரும்பிப் போகிறவர்களுக்கு நல்ல வேலை.

வீட்டில் "எத்தனை நாளைக்கு அடுத்தவருக்கு உதவியாளாவே இருப்பே?" என்று கேட்பார்கள். பாலக்காடு மணி ஐயர் வாழ்நாள் முழுக்கப் பாடகர்களுக்கு மிருதங்கம் வாசித்தவர். 1966இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. அதுவரை அந்த விருது எந்த மிருதங்க வித்வானுக்கும் போனதில்லை. பெற்றோரிடம் பேசும்போது இதைச் சொல்லிப் பார்க்கலாம். கூடவே சம்பள நிலை, பணிக் காலம், ஏணி எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டுங்கள். கனவு என்று சொன்னால் பயப்படுகிறவர்கள் கணக்கைக் காட்டினால் உட்கார்ந்து கேட்பார்கள்.

தனியார் வேலைக்கு நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்? மேனேஜர் ஆக வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டால் பிறகு அதற்கே உங்களைத் தயார் செய்வார்கள். "இந்த வேலையில் இங்கே இருக்கிறவர்களில் ரொம்பக் கஷ்டமான கேஸை நம்பிக் கொடுக்கக்கூடிய ஆளாக இருக்க ஆசை. புதிதாக வருபவருக்கு வேலை சொல்லிக்கொடுப்பேன், ஆனால் டீமை நடத்துவதைவிட என் வேலையை ஆழமாகச் செய்வதுதான் என் பலம்" என்று சொல்லலாம். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற இடத்தில் பத்து வருடம் இருக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். உங்களிடம் ஏதாவது கேள்வி உண்டா என்று அவர்கள் கேட்கும்போது இதைக் கேளுங்கள்: "நான் சேரப்போகிற இதே வேலையில் பத்து வருடமாக இருக்கிறவர் யாராவது உண்டா? அவரோடு ஐந்து நிமிடம் பேசலாமா?"